ஒன்றரை அடி

பாமன்கடைத் தொடர்மாடியில்
படிக்கட்டுக்குக் கீழே மூன்று தண்ணீர் மோட்டர்கள் கிடக்கின்றன.
ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு.
தேர்தலுக்குத் தேர்தல் யாரோ கொண்டுவந்து
மாலை போட்டு, படம் பிடித்து,
ஒரு மழைக்கு ஓட்டிவிட்டுப் போனவை.
இப்போது அவற்றுக்கிடையில் பூனை குட்டி போடுகிறது.
பூனைக்கு எந்த நிறமும் சரி.

நான் செயலாளர். குறிப்பெழுதுகிறவள்.
பதினோராண்டுக் கொப்பியைப் புரட்டினால்
மே மாதமெல்லாம் ஒரே வசனம்:
கீழ்மாடியில் ஏழாம் படிவரை வெள்ளம்.
ஜூன் மாதமெல்லாம் ஒரே முடிவு:
கான் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசப்படும்.

கான் கால்வாயில் விழுமுன்
ஒரு பக்கம் நிஸ்தாரின் ஹார்ட்வெயார் மதில்,
மறுபக்கம் சோமசிறியின் ஆட்டோ கராஜ்.
நடுவில் முழங்கையளவு இடம்.
அகலமாக்க இன்னும் மூன்றடி வேண்டும்.
அந்த மூன்றடியும் மற்றவன் பக்கத்தில்தான் என்பது
இருவருக்கும் இடையே இருந்த ஒரே உடன்பாடு.

நான் மட்டும் என்ன திறம்?
சோமசிறி கை தூக்கினால் என் கை மடியில் கிடக்கும்.
அவர் சொன்னது சரியென்று தெரிந்த இரவிலும்
எதிர்த்தவர் பட்டியலில்
என் பெயரை நானே எழுதினேன், அழகான கையெழுத்தில்.
எங்கட ஆக்கள் என்றொரு சொல் இருக்கிறதே,
அது ஒரு குடை.
அதைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு காலமும்
முழங்காலளவு தண்ணீரில் நின்றோம்,
தலை நனையவில்லை என்று.

போன வருடம் கீழ்வீட்டு ரெஜினா
கூட்டத்துக்கு ஒரு கணக்குக் கொப்பியோடு வந்தாள்.
புறக்கோட்டையில் துணிக்கடைக் கணக்கு பார்ப்பவள்.
யாரையும் திட்டவில்லை. வாசித்தாள்.
குளிர்பெட்டி நாலு. மெத்தை ஒன்பது.
மகனின் பரீட்சைச் சான்றிதழ், விலை போடவில்லை.
சிங்களத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை.
நாற்பது நிமிடம்.
மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.
கூட்டுத்தொகையைச் சொல்லிவிட்டுக் கேட்டாள்:
இதைவிட மலிவாக ஒரு மதில் கட்ட ஏலாதா?

பிறகு நடந்தது பேச்சுவார்த்தை அல்ல,
மீன்கடைப் பேரம்.
ஓரடிதான். இரண்டு தா.
ஒன்றேகால். சரி, ஒன்றேமுக்கால், நீயும் அப்படியென்றால்.
என் வாப்பா கட்டின மதில் அது.
என் மகளின் சீதனம் இந்தக் கராஜ்.
பிளேன்டீ மூன்றாம் முறை வந்தபோது
ஆளுக்கு ஒன்றரை அடியில் நின்றது.
இருவர் முகத்திலும்
பல் பிடுங்கிய ஆளின் பார்வை.

நேராக வரவில்லை கான்.
நிஸ்தாரின் தூணுக்கு ஒரு வளைவு,
சோமசிறியின் குழிக்கு ஒரு வளைவு.
மாநகர சபைப் பொறியியலாளர் தலையைச் சொறிந்தார்:
வளைவில் வண்டல் தேங்கும்,
வருடம் இருமுறை இறங்கிக் கிளற வேண்டும்.
ஜனவரி ஒருவருக்கு, செப்டெம்பர் மற்றவருக்கு என்று எழுதினேன்.
அவர்களின் பிள்ளைகளின் பெயரையும் சேர்த்து எழுதினேன்.
யாரும் கவனிக்கவில்லை.

திறந்துவைக்க ஒருவர் வந்தார்,
பின்னால் இரண்டு கெமரா.
மூடிதானே போட்டிருக்கிறோம், எதைத் திறக்கப் போறீங்க
என்றார் நிஸ்தார்.
சோமசிறி சிரித்தார்.
அதையும் குறிப்பில் சேர்க்க நினைத்தேன்.

இந்த மே மாதம்
தண்ணீர் மூன்றாம் படியில் நின்றது.
ரெஜினா மெத்தையைத் தூக்கித்தான் வைத்திருந்தாள்,
நம்பிக்கை இன்னும் வரவில்லை.
ஜூன் கூட்டத்தில் பழையபடி சத்தம்:
நிஸ்தார் ஓரங்குலம் குறைத்துவிட்டார் என்கிறார் சோமசிறி,
ஓரங்குலம் கூடவே கொடுத்தேன் என்கிறார் நிஸ்தார்.
இருவரின் ஆட்சேபமும் பதிவு செய்யப்பட்டது.

அன்றிரவு டோர்ச்சும் அளவுநாடாவுமாகப் போய்
நான் அளந்து பார்த்தேன்.
எவ்வளவு என்பதைக்
கொப்பியில் எழுதவில்லை.